தெரிந்துகொள்ளத் துணிந்த அக்காவுக்கு

அக்கா,

முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சில் ஸ்பிரிட் வாடை இன்னும் போகவில்லை. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். நீ வருஷா வருஷம் கொடுத்த அதே ஆராய்ச்சிக்குத்தான். வாடை மூக்கில் ஏறியதும் உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது.

கடைசி வருஷங்களில் அம்மாவை நாம் இருவரும்தானே பார்த்துக்கொண்டோம். நத்தம் பஸ்ஸில் தானாக ஏறி, சாணார்பட்டியில் இறங்கி, எந்த ஊர் என்று தெரியாமல் நின்ற அம்மாவை நீதான் போய்க் கூட்டிவந்தாய். வீட்டுக்கு வந்ததும், "ஏம்மா, நீ யாரு வீட்டுப் பிள்ள?" என்று உன்னையே கேட்டாள். "ஒங்க வீட்டுப் பிள்ளதாம்மா" என்று சொல்லிச் சோறு ஊட்டினாய்.

டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்து, திண்டுக்கல்லில் பாதிப் பேரின் நம்பரை மனப்பாடமாகச் சொன்னவள் நீ. அந்தத் தலைக்கும் அம்மாவின் கதிதானோ என்ற பயம் ஓய்வு பெற்ற பிறகு உன்னைப் பிடித்துக்கொண்டது. அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்ப எழுந்து போய்ப் பார்ப்பாய்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சர்ச் மண்டபத்தில் ஒரு டாக்டரம்மா பேசினார். நோய் நொடியில்லாமல் வயதாகிறவர்களிலும் சிலருக்கு ஞாபகம் கூர்மையாகவே இருக்கிறது, சிலருக்கு மங்குகிறது. பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்களின் சின்னச் சின்ன வேறுபாடுகளுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று பார்க்கிறோம் என்றார். முதல் ஆளாய் நீ கை தூக்கினாய்.

தம்பி கொதித்துப்போனான். மகளுக்கு அவன் வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

"குடும்பத்துல இப்பிடி ஒண்ணு இருக்குன்னு வெளிய தெரிஞ்சா யாரு பொண்ணு எடுப்பாக அக்கா?"

"மறைச்சா இல்லன்னு ஆயிருமாப்பா? அம்மாவுக்கு ஏன் வந்துச்சுன்னு நமக்குச் சொல்ல ஒரு ஆளில்ல. நாளைக்கு ஒம் பிள்ளைக்காவது சொல்ல ஆள் வேணும்ல?" என்றாய் நீ.

ரத்தம் எடுத்ததும், சோதனை முடிவைத் தெரிந்துகொள்வதும் வேண்டாமென்பதும் நம் விருப்பம் என்றார்கள். "சொல்லிருங்க டாக்டர்" என்றாய். மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் ஒரு மாற்றம் உன் மரபணுவில் இருந்தது.

"வாய்ப்பு கூடும், அவ்வளவுதாம்மா. கட்டாயம் வரும்னு இல்ல. மத்த மரபணுக்களும் இருக்கு, வாழுற விதமும் இருக்கு" என்றார் டாக்டர்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றாய். கையிலிருந்த டீ ஆறிப்போனது. பிறகு, "சரி, தெரிஞ்சுபோச்சு. வா, மீனு வாங்கிட்டுப் போவோம்" என்று நடந்தாய். எனக்குத்தான் அழுகை வந்தது. ஆனால் அன்றிலிருந்து நீ அடுப்பைப் பார்க்க எழுந்து போகவில்லை.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, "ஒங்க அம்மா எப்பிடித் தவறுனாக?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார். "வயசாகி..." என்று தம்பி இழுத்தான். நீ அம்மாவின் மறதியைச் சொன்னாய், உன் ரத்தத்தில் கண்டதையும் சொன்னாய். தம்பியின் முகம் செத்துவிட்டது. அந்த அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுல தலமொறையா சுகரு. நாங்க அதச் சொல்லாமத்தான் வந்தோம்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். கல்யாணமும் நடந்தது.

ரத்தம் எடுக்கும்போதே வருஷா வருஷம் வைக்கும், சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் ஞாபகச் சோதனையில் நீ ஒரு வருஷம்கூடப் பின்தங்கவில்லை. போன தவக்காலத்தில் உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு. அன்று காலையிலும் என் பேத்திக்குப் பிறந்தநாள் என்று நீதான் எனக்கு நினைவுபடுத்தினாய்.

அடக்கத்துக்கு டாக்டரம்மா வந்திருந்தார். "மரபணுவ மட்டும் பாத்து இவங்கள எடை போட்டிருந்தா ஏமாந்திருப்போம். எப்பிடி இம்புட்டுத் தெளிவா இருந்தாங்கன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல. இவங்கள மாதிரி ஆளுங்ககிட்டருந்துதான் கத்துக்கிறோம்" என்றார். அழுகைக்கு நடுவிலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இன்று தம்பியும் வந்தான் அக்கா. நான் கூப்பிடவில்லை. எனக்கு முன்னால் போய் அமர்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டான். முடிவைச் சொல்ல வேண்டுமா என்று நர்ஸ் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ சொல்லு சின்னக்கா."

"ரெண்டு பேருக்கும் சொல்லிருங்கம்மா" என்றேன்.

என்ன வரும் என்று தெரியவில்லை. ஆனால் அம்மாவுக்கு என்ன ஆனது என்று யாராவது கேட்டால், நான் இப்போது முன்போல் குரலைத் தாழ்த்துவதில்லை.