நீ கேட்கவே இல்லையாம், அம்மா

என் தங்க அம்மாவுக்கு,

நாங்கள் சுற்றுலா போய்வந்தோம். நீ போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் உன் வீட்டுக்காரர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லுவேன்?

யோசனை அப்பாவுடையதுதான். "பேரப்புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்காச்சும் போய்ட்டு வரலாம் அம்முணி. ஊட்டுக்குள்ளயே கெடந்தா அவ நெனப்பாவே இருக்குது" என்றார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. பிரபு, குமுளிக்குப் பக்கத்தில் ஆனைக்கரையில் ஒரு ஹோம்ஸ்டே பிடித்தார். என் மாமியாரையும் கூட்டிக்கொண்டோம். மூன்று வயது இனியா, ஒன்றரை வயது நகுலன், பெரியவர்கள் இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து விடியும்போது காரில் கிளம்பினோம்.

கம்பம் தாண்டி மலை ஏறும்போது நகுலன் வாந்தி எடுத்தான். அப்பாவின் வெள்ளைச் சட்டை முழுக்க. "பரவால்லடா சாமி" என்று துண்டால் அவன் வாயைத் துடைத்துவிட்டார். நான் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தபடியே இருந்தேன். பழனி பஸ்ஸில் நான் வாந்தி எடுத்தபோது இவர் என்ன செய்தார், ஞாபகம் இருக்கிறதா? எழுந்து முன்னால் வேறு சீட்டுக்குப் போய்விட்டார். நீ தம்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் உன் முந்தானையில் எல்லாவற்றையும் ஏந்தினாய். பழனிக்குப் போய்வந்ததும், "இந்த நண்டு சிண்டெல்லாம் கூட்டிக்கிட்டு இனி எங்கியும் போவ வேண்டாம்" என்று சொன்னவர் இவர்தான். சொன்னபடியே எங்கும் போகவில்லை.

ஹோம்ஸ்டேயில் அப்பா ஆளே வேறு. சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினார். நகுலனுக்குக் கால் கழுவிவிட்டார். அவனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏலச்செடிகளுக்கு இடையில் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தார். இவருக்கு இதெல்லாம் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா, அம்மா?

ஹோம்ஸ்டே நடத்துகிற எஸ்தர் அக்கா வாயெல்லாம் பல்லாக என்னிடம் வந்து சொன்னார். "இப்படி ஒரு தாத்தா கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும், பாத்துக்கிடுங்க. எங்க வீட்டுக்காரர்லாம் ஒரு தம்ளரக்கூட நகட்டி வைக்கமாட்டாரு." அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அந்த நேரத்தில் என் மாமியார் எங்கே இருந்தார் தெரியுமா? குளியலறையில். அப்பாவின் வாந்திச் சட்டையையும் நகுலனின் ஜட்டிகளையும் அலசிக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு என்று கூட்டிவந்தவரை யாரும் 'விடுங்க அத்தை, நாளைக்குப் பாத்துக்கலாம்' என்றுகூடச் சொல்லவில்லை. அவரைப் பாராட்டவும் ஆள் இல்லை.

மறுநாள் காலை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். இனியா அவளுடைய அப்பத்தாவின் மடியிலிருந்து இறங்கிப் பிரபுவிடம் போய் நின்றாள்.

"அப்பா, தேக்கடில போட்டுல போலாமா? நாம எப்ப மறுக்கா வரப்போறோம்?"

மூன்று வயதுக் குழந்தை பேசுகிற பேச்சா அது? நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது, குழந்தை சரியாகச் சொல்கிறாளா என்று கூடவே சொல்லிப் பார்ப்பதுபோல.

பிரபு போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போட்டெல்லாம் வேண்டாம் சாமி, தம்பி அழுவான். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அப்பா உரக்கச் சிரித்தார். "அப்படியே உன்னாட்டத்தான் அம்முணி. நீயும் சின்னதுல அங்க போலாம், இங்க போலாம்னு உசுரை எடுப்பே."

எனக்குள் என்னவோ அறுந்தது. "அது நானில்லீங்கப்பா, அம்மா!" என்றேன்.

நீதானே சொல்லித்தருவாய்? மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "மலம்புழா டேமுக்குப் போலாமான்னு அப்பாவைக் கேளு கண்ணு. நான் சொன்னேன்னு சொல்லாதே." லீவு விட்டால் போதும், என்னை அனுப்பிவிடுவாய். மழை பொய்த்துத் தென்னை காய்ந்த ஒரு வருஷம், அவர் சாப்பிடும்போது போய்க் கேட்டேன். வலது கை சோற்றில் இருந்ததால் இடது கையால் அறைந்தார். நீ பக்கத்திலேயே நின்று அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாய். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அந்த அடி உன்னுடையது, அம்மா. ஏன் வாயைத் திறக்கவில்லை?

இவ்வளவையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் கையில் பிட்ட இட்லி அப்படியே இருந்தது. பிறகு சொன்னாரே ஒரு வார்த்தை!

"அவ என்னைக் கேக்கவே இல்லியே அம்முணி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருக்கமாட்டனா?"

"கேக்கறாப்பல நீங்க வெச்சிருந்தீங்களா?"

கத்திவிட்டேன். நகுலன் வீறிட்டு அழுதான். எஸ்தர் அக்கா சட்னிக் கிண்ணத்தோடு கதவருகிலேயே நின்றுவிட்டார். "உடு சுமதி, வந்த எடத்துல போய்..." என்றார் பிரபு.

"வந்த எடத்துல என்னங்க? இப்ப உங்கம்மா உங்களை ஒண்ணு கேட்டாங்களே, காதுல உழுந்துச்சா?"

அவர் பேந்தப் பேந்த விழித்தார். "அம்மாவா? என்ன கேட்டாங்க?"

"அத்தை, நீங்களே சொல்லுங்க" என்றேன்.

மாமியார் பதறிப்போனார். "எனக்கெதுக்குங் கண்ணு போட்டு? கொளந்தை ஆசைப்படுதேன்னு..." உடனே எழுந்து தட்டுகளை எடுக்க ஆரம்பித்தார். அவர் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது எனக்கு. உன்னைத்தான் உலுக்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். "வெச்சுடுங்க அத்தை. கேட்டா கேட்டதுன்னு ஆவட்டும். இல்லீன்னா நாளைக்கு இவரும் எங்கப்பாவாட்ட, எங்கம்மா கேக்கவே இல்லைன்னு சொல்லிட்டுத் திரிவாரு."

மாமியார் தட்டுகளை மேசையிலேயே வைத்தார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். மகன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"பிரபு, நான் போட்டுல போவோணும். கரையோரமா ஆனை வருமாமா, அதைப் பாக்கோணும். கொளந்தைங்க அழுதா நீ வெச்சுக்கோ."

நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆட்டோ பிடித்துப் போனோம். ஆனை வரவில்லை. தூரத்தில் புல்வெளியில் மான்கள் நின்றன. தண்ணீருக்குள் பட்ட மரங்கள் மொட்டையாக நின்றன, அவற்றின் உச்சியில் பறவைகள் கூடு கட்டியிருந்தன. மாமியார் கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை. எல்லோரும் இறங்கிய பிறகு படகுக்காரரிடம் போய், "இன்னொருக்கா சுத்துவீங்களா?" என்று தானே கேட்டார். அவர் மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். இவரும் சிரித்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல இருந்தது.

திரும்பி வந்தபோது பிரபு தலை கலைந்து, சட்டையெல்லாம் பால்கறையாக, இனியாவின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். அப்பா தூங்குகிற நகுலனை மார்பில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தாண்டிப் போனேன்.

"அம்முணி, மலம்புழா தவிர வேற எங்கெங்க போவோணும்னு கேட்டா அவ?"

எனக்கு எல்லாம் தெரியும். தம்பியைக் கேட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தேன். சொன்னால் அவர் அழுவார், அழுதால் ஆறிவிடும், அடுத்த மாதம் யாரிடமாவது 'பாவம், கேக்கவே தெரியாம வாழ்ந்துட்டா' என்று பெருமூச்சு விடுவார். நான் ஏன் அதற்கு உதவவேண்டும்?

"நீங்க அம்மாவைக் கேட்டிருக்கோணுமுங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. வீடு திரும்பியும் பேசவில்லை. தினமும் போன் பண்ணுகிறார், குழந்தைகளைக் கேட்கிறார், பேச்சுக்கு நடுவில் எதற்கோ காத்திருக்கிறார். காத்திருக்கட்டும்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான், அம்மா. செத்தவர்கள்மேல் கோபப்படக்கூடாது என்று சித்தி சொல்கிறாள். படாமல் எப்படி இருப்பது? ஒரே ஒரு தடவை, குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, 'எனக்குப் போவோணும்' என்று நீ சொல்லியிருந்தால், அவர் என்ன செய்திருப்பார்? அவர் மறுத்திருந்தாலும் நாம் மூன்று பேரும் பஸ் ஏறியிருக்கலாமே. பாலக்காடு போய் மாறினால் மலம்புழாதானே?

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். உன் பேத்தி தன் ஆசையை மட்டும்தான் கேட்பாள். அடுத்தவர் ஆசையை அவள் வாயில் வைக்க யாரையும் விடமாட்டேன், என்னையும் சேர்த்து. என் கோபம் என்றைக்குத் தீர்கிறதோ அன்றைக்கு உனக்கு நானே சொல்கிறேன். ஆள் விட்டுச் சொல்லமாட்டேன்.

உனக்காகக் கேட்டுக் கேட்டு வளர்ந்த,
உன் மூத்தவள் சுமதி