சைகோன் போனவரை இறந்தவராக எழுதச் சொல்வது குறித்து

அனுப்புநர்:
காசம்மாள்,
வைத்தியசாலைப் பணிப்பெண்,
ஆலங்கரை கிராமம், வில்லியனூர் வழி.

பெறுநர்:
தலைமை வைத்தியர் துரை அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: தாதிப் படிப்புக்கான உபகாரச் சம்பளம், கணவர் கையொப்பம் இல்லாமையால் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது.

மகாகனம் பொருந்திய துரை அவர்கள் சமூகத்திற்கு,

1. தரை கழுவுவதும், நோயாளிகளைத் துடைத்துவிடுவதும், இறந்தவர்களைக் கட்டிக் கொடுப்பதும் என் வேலை. கடந்த வாந்திபேதியின்போது கொட்டகையில் கிடந்த கண்ணையன் என்பவர் அடங்கிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். முகத்தில் துணி போட்டுவிட்டுக் கால் கட்டக் குனிந்தேன். துணி அசைந்தது. கண்ணையன் இன்று மண்ணாடிப்பட்டில் கரும்பு வெட்டுகிறார். எனக்குத்தான் அந்த நாள் இன்னும் முடியவில்லை. யார் முகத்தை மூடினாலும் துணி அசைவதாகவே தெரிகிறது. அவருக்கு முன்பு அதே கொட்டகையிலிருந்து பிணவண்டியேறிப் போனவர்களை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

2. நாடி பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் தாதிப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். தாங்களும் இரங்கி என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள்.

3. என் கணவர் மணவாளன் சைகோனுக்குக் கப்பலேறிப் போனவர். அவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எனக்கில்லை, மனுவுக்காக எழுதியிருக்கிறேன். சில வருடங்களாகக் கடிதம் இல்லை. மணமானவளுக்குக் கணவர் கையொப்பம் வேண்டுமாம், கைம்பெண்ணுக்கு வேண்டாமாம். மனு வாங்கும் குமாஸ்தா என் நெற்றிப் பொட்டைப் பார்த்துக்கொண்டே, "செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்துடேம்மா, இன்னா வந்துடப் போவுது? சாட்சிக்கு நான் ஆளு புடிச்சித் தரேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவர் பிடித்துத் தரும் சாட்சிகளுக்குச் சைகோன் எந்தத் திசை என்றே தெரியாது.

4. அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் சாதிக்கவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுத மனுத் தாளில் இடம் விடவில்லை. குமாஸ்தா சொன்னதைக் கேட்ட நாள் முதல் என் மாமியார் பவுனம்மாள் என்னிடம் பேசவில்லை. ஆனாலும் மகனுக்குப் பதிலாகத் தானே கைநாட்டு வைக்க நேற்று என்னோடு நடந்து வந்தார். குமாஸ்தா அது செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

5. ஆகையால், அவர் தாயாரின் கைநாட்டையே போதுமானதாகக் கொண்டு, தை மாதம் வகுப்பு தொடங்குமுன் என்னைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் மறுத்தால் என் இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று அறிவேன். அதை நினைத்து அழவும் செய்தேன். ஆனாலும் முகம் பாராமல் ஒருவர்மேல் துணி போட என்னால் ஆகாது. கொட்டகையில் அசைந்தபோது பக்கத்தில் நான் இருந்தேன், துரை அவர்களே. சைகோனில் அசைந்தால் பார்க்க யார் இருக்கிறார்கள்?

இடம்: ஆலங்கரை
நாள்: 12 டிசம்பர் 1936

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
காசம்மாள்,
மணவாளன் மனைவி.

பவுனம்மாள் கைநாட்டு,
மணவாளன் தாயார்.