உப்பளத்தில் செய்த மாநாட்டு அறிவிப்பு குறித்து

அனுப்புநர்
அ. முபாரக்,
முபாரக் சவுண்ட் சர்வீஸ்,
பள்ளிவாசல் தெரு, கூனிமேடு,
மரக்காணம் வழி, திண்டிவனம் வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தென்னாற்காடு மாவட்டம், கடலூர்.

பொருள்: மருத்துவக் கல்வி ஆராய்ச்சியில் புதுமைகள் – ஆண்டு மாநாடு – மரக்காணம் உப்பளப் பகுதியில் ஒலிபெருக்கி விளம்பரம் – கண் சிகிச்சை முகாம் என்று நம்பி வந்த மக்கள் வெளியே நிறுத்தப்பட்டது – இந்த ஆண்டும் அதே விளம்பரம் செய்யப்படுவது – தடுத்துப் பரிகாரம் செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுப் பிழைத்து வருகிறேன். சைக்கிளில் குழாயும் பேட்டரியும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று அறிவிப்பும் செய்கிறேன். கூனிமேட்டில் மௌத் என்னும் சாவுச் சேதி, பிரம்மதேசம் கோயில் திருவிழா, ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்த தகவல், புயல் கொடி ஏற்றிய எச்சரிக்கை எல்லாம் இந்தக் கரையில் என் வாய் வழியாகத்தான் போய்ச் சேரும். கந்தூரிக்கும் தீமிதிக்கும் ஒரே தொண்டை என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேலி பேசினாலும் என் வார்த்தையை நம்பினார்கள். இது கூலி பாக்கி பற்றிய மனு அல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. என் மனைவி ஜெயினம்பு இறந்துவிட்டார். மகன் சவூதியில் தம்மாமில் வேலையில் இருக்கிறான். வீட்டில் நான் ஒருவன்தான். இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை, பின்னால் வரும் விஷயம் ஐயா அவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். உப்பளத்து வரப்பில் குழாயைக் கட்டிக்கொண்டு நான் போனால், பாத்தியில் நிற்பவர்கள் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து, "இன்னா பாய், இன்னிக்கு என்னா சேதி?" என்று கேட்பார்கள். நானும் சைக்கிளை நிறுத்திப் பதில் சொல்வேன். ஒரு நாளில் நான் மனிதரோடு பேசும் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

3. சென்ற ஆண்டு மாசி மாதம், மேற்படி மாநாட்டைக் கிராமத்தை நோக்கிக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி, மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்தினார்கள். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுப்பதில் என்ன புதுமை செய்யலாம் என்று படித்தவர்கள் ஆண்டுதோறும் கூடிப் பேசும் கூட்டம் அது என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியாது. விளம்பரப் பொறுப்பில் இருந்த திரு. பக்தவச்சலம் என்னை அழைத்து, மண்டபத்துக்கு மைக் செட்டும் ஊர்களுக்கு அறிவிப்பும் என்னையே செய்யச் சொன்னார். நான் படிக்க வேண்டிய வாசகத்தையும் அவரே சொன்னார். பெரிய பெரிய டாக்டர்கள் வருகிறார்கள், மருத்துவத்தில் புதுமை, பொதுமக்கள் குடும்பத்தோடு வருக வருக என்பது வாசகம்.

4. எதை அறிவித்தாலும் அங்கே என்ன நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அறிவிப்பது என் வழக்கம். வரப்பில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே. ஆகவே, வைத்தியம் உண்டா என்று கேட்டேன். இல்லை, பேச்சு மட்டும்தான் என்றார். அப்படியானால் "வைத்தியம் கிடையாது, பேச்சு மட்டும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: "ஏம்பா, வைத்தியம் இல்லைன்னு சொன்னா ஒரு ஆளு வருவானா? மந்திரிங்க வர்ற மேடை, கூட்டம் வாணாமா? குடுத்ததப் படிச்சிட்டுப் போ." மாநாட்டுக் குழுவில் இருந்த இன்னும் இருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். அவரைக் கேள் என்று என்னைத் திரும்பவும் அவரிடமே அனுப்பினார்கள். கடைசியில் அந்த வரி இல்லாமலே, கொடுத்ததை அப்படியே படித்துக்கொண்டு போனேன்.

5. ஐயா அவர்கள் வெளியூரில் இருந்து பணிக்கு வந்திருப்பதால் ஒரு விவரம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கரைக்குப் பெரிய டாக்டர்கள் கூட்டமாக வருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அது கண் கேம்ப். பள்ளிக்கூடத்திலேயே தங்க வைத்து, புரை எடுத்து, கட்டுப் போட்டு அனுப்புவார்கள். வெயிலில் வெள்ளைவெளேர் என்று கிடக்கும் பாத்தியைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கியவர்கள் உப்பளத்தில் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பல நாட்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதனால் கேம்ப் என்றால் முதல் நாளே எண்ணெய் தேய்த்துத் தலை முழுகிவிட்டு, பாய், போர்வை, தட்டு, டம்ளர், கூட ஒரு துணை ஆள் என்று புறப்படுவது இங்கே வழக்கம். என் அறிவிப்பைக் கேட்ட மாலையில், உப்பளத்துக் குடிசைகளில் எல்லாம் வெந்நீர் காய்ந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் மண்டபத்தில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

6. மாநாட்டு நாளில் நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே இருந்தேன். மேடையில் ஒரு பேராசிரியர், மருத்துவச் செய்தியைக் கிராம மக்களுக்குப் புரியும்படி கொண்டு சேர்ப்பது எப்படி என்று மாணவர்களுக்குக் கற்பிக்கும் புது முறையை விளக்கிக்கொண்டிருந்தார். நன்றாகவே பேசினார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே பாயும் தட்டுமாக உப்பளத்து ஜனங்கள் நின்றார்கள். சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்த இளைஞர்கள், சாப்பாட்டுக்கு வந்த கூட்டம் என்று நினைத்துக்கொண்டு, கம்பி வழியாகப் பொட்டலம் நீட்டிக்கொண்டிருந்தார்கள். கையில் தட்டு இருந்ததைப் பார்த்து அப்படி நினைத்திருப்பார்கள்.

7. முன்னால் நின்றவர் சாலம்மாள் என்பவர். உப்பு சுமக்கும் தொழிலாளி. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பவர். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, அளத்து வேலைக்குப் போக முடியாத நிலைக்கு வந்திருந்தார். பொட்டலத்தை வாங்காமல், பேர் எங்கே எழுதுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய் விவரத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீ சொன்னேன்னுதான் பாய் வந்தேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

8. இத்தோடு விட்டிருந்தாலும் போகட்டும் என்று இருந்திருப்பேன். பிற்பகலில் வெளியூர் விருந்தினர் பலர் புறப்பட்டுப் போய்விட்டதால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. உடனே திரு. பக்தவச்சலம், கேட்டைத் திறந்து எல்லாரையும் உள்ளே உட்கார வைக்கச் சொன்னார். இப்போதாவது டாக்டர் பார்ப்பார் என்று நினைத்து அவர்களும் உட்கார்ந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். எடுத்ததும் போகலாம் என்றார்கள். வெயில் தாழ்வதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்தே திரும்பினார்கள். துணைக்கு வந்தவர்களுக்கும் அன்றைய கூலி போனது.

9. சித்திரை மாதம் மரக்காணம் பள்ளியில் உண்மையாகவே கண் கேம்ப் வந்தது. சுகாதார நிலையத்து நர்சம்மா கேட்டுக்கொண்டதால் நான்தான் அறிவித்தேன். ஒவ்வொரு வரப்பிலும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இந்த முறை நிச்சயம் ஆபரேஷன் உண்டு, நானே கேட்டுவிட்டு வந்தேன் என்று தொண்டை கட்டும் அளவுக்குச் சொன்னேன். பாத்தியில் இருந்தவர்கள் பலகையை நிறுத்தவே இல்லை. குனிந்தபடியே உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். உப்பளத்தில் இருந்து ஓர் ஆள்கூடக் கேம்புக்குப் போகவில்லை. வந்த டாக்டர், இந்த ஜனங்களுக்கு விழிப்புணர்ச்சி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஐயா, விழிப்புணர்ச்சி இருந்ததனால்தான் தலை முழுகிவிட்டு வந்து வாசலில் நின்றார்கள்.

10. அன்று முதல் என்னிடம் யாரும் சேதி கேட்பதில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை, ஏசவும் இல்லை. டீக்கடையில் கேட்காமலே டீயை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். கூனிமேட்டில் மௌத் அறிவித்தால் மட்டும் வருகிறார்கள், அதையும் பள்ளிவாசலில் ஒரு முறை விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். சில மாலைகளில் ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர் பார்ப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே மைக்கைப் போட்டு ஹலோ ஹலோ என்று பேசுகிறேன். மனுவில் எழுதத்தக்க விஷயமா இது என்று தெரியவில்லை. எழுதுவதற்கு வேறு இடமும் எனக்கு இல்லை.

11. சாலம்மாளுக்கு ஐப்பசியில் ஒரு கண் சிவந்து, தாங்க முடியாத வலி வந்து, அந்தக் கண் போய்விட்டது. புரை முற்றி வெடித்துவிட்டது, முன்பே எடுத்திருந்தால் பார்வை வந்திருக்கும் என்று நர்சம்மா சொன்னார். மற்றக் கண்ணிலும் வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. ஆனால் அதை இன்னும் காப்பாற்றலாம், சீக்கிரம் எடுக்க வேண்டும் என்கிறார். நர்சம்மா நேரில் போய்க் கூப்பிட்டும், நீங்களும் அந்த மண்டபத்து ஆளுங்கதானே என்று அனுப்பிவிட்டார்களாம். நானும் போனேன். தெருமுனையில் நின்று "அக்கா" என்றதும் கதவு சாத்திக்கொண்டது. அவருடைய கணவர் முருகையன் வெளியே வந்து, "வாணாம் பாய், போயிடு. உன் கொரலக் கேட்டாலே அது உள்ள போய்ப் படுத்துக்குது" என்றார். அவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

12. இந்த நிலையில், மேற்படி மாநாடு வரும் மாதம் மறுபடியும் மரக்காணத்தில் நடக்க இருக்கிறது. பேருந்து நிறுத்தத்திலும் உப்பு டெப்போ சுவரிலும் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு எடுத்த போட்டோதான் அதில் இருக்கிறது. முன் வரிசையில் சாலம்மாள் மடியில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். "மாநாட்டில் ஆர்வத்துடன் பங்கேற்ற கிராம மக்கள்" என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள். என்னையும் அறிவிப்புக்குக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு வரியைச் சேர்த்தால் வருகிறேன் என்றேன். சேர்க்க மறுத்துத் திண்டிவனத்தில் இருந்து வேறு வண்டி பேசிவிட்டார்கள். அந்த வண்டி இடையஞ்சாவடிப் பக்கம் சுற்றிவிட்டது. இந்த வாரம் உள்ளூர்ப் பக்கம் வரும் என்கிறார்கள். அங்கெல்லாம் எத்தனை வீட்டில் வெந்நீர் காய்கிறதோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

13. மாநாடு கூடாது என்பது என் கோரிக்கை அல்ல. படித்தவர்கள் கூடிப் பேசட்டும், அதனால் நல்ல டாக்டர்கள் உருவாகட்டும். ஆனால் அந்த விளம்பரத்தில் வைத்தியம் கிடையாது என்ற வரியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிடக் கோருகிறேன். போட்டோ போட்ட போஸ்டரை உடனே கிழித்தெடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். மாநாட்டுக்கு வரும் டாக்டர்களில் கண் வைத்தியம் தெரிந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களை ஒரு காலைப் பொழுது உப்பளத்துக்கு அழைத்து வந்து, சாலம்மாள் உட்பட அங்குள்ளவர்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு நடந்தது உங்கள் தவறு அல்ல, எங்கள் தவறு என்று அரசுத் தரப்பில் ஒருவர் அந்த வரப்பில் நின்று சொல்ல வேண்டும். அதிகாரி வாயால் வந்தால் நம்புவார்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

14. ஐயா அவர்களோ, தாங்கள் அனுப்பும் அதிகாரியோ வரும் நாளில் வழி காட்ட நான் வருகிறேன். மைக் செட்டை நானே சுமந்து வருகிறேன். வாடகை வேண்டாம். சாலம்மாள் வீட்டு வாசலில் பேச வேண்டியதைத் தாங்களே பேச வேண்டும். அந்த அம்மாளுக்கு இப்போது ஆள் முகம் தெரிவதில்லை, குரலை வைத்துத்தான் இன்னார் என்று கண்டுகொள்கிறார். நான் வாய் திறக்காமல் நின்றால், நான் வந்திருப்பதே அவருக்குத் தெரியாது. கதவைத் திறப்பார். தாங்கள் தேதியை மட்டும் தெரிவித்தால் போதும், அன்றைக்கு முழுவதும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இடம்: கூனிமேடு
நாள்: 12-02-1988

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) அ. முபாரக்