வேறு கம்பெனிக் கேபிள்

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. போனிலேயே தட்டுகிறேன், பிழை பார்க்காதே. நாங்கள் நலம் என்று ஆரம்பித்துவிட்டு அழித்துவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. எனக்குத்தான் இரண்டு நாளாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாயங்காலம் அம்மா உனக்கு போன் செய்வதற்குள் இதை நீ படித்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டர் போய்விட்டது. போன வருஷம் நீ அனுப்பிய சிவப்புக் கேபிள், தூசி தட்டும்போது பிரிக்காமலே அகப்பட்டது. பெட்டியைத் திறந்து, பவர் சப்ளையிலிருந்து உள்ளே கரண்ட் கொண்டுபோகிற பழைய கேபிளைக் கழற்றிவிட்டு, ஆசையாக இதை மாட்டினேன். பிளக் அழகாக உள்ளே போனது. சுவிட்சைப் போட்டதும் ‘டப்’ என்று ஒரு சத்தம், ரப்பர் கருகும் நாற்றம். டிஸ்க், போர்டு எல்லாம் காலி. நான் பக்கம் அமைத்துக்கொண்டிருந்த பாடப்புத்தகத்துக்கு பென்டிரைவில் நகல் இருக்கிறது. அதைத் திறக்கத்தான் வீட்டில் எதுவும் இல்லை. பதிப்பகத்தார் இந்த வாரம் பொறுப்பார்கள், அப்புறம் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடினேன். மெக்கானிக் கேபிளைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். பிளக் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே ஒயர்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறுமாம். வேறு கேபிள் போட்டால் வாரண்டி கிடையாதாம். கேபிள் விற்றவனை போனில் பிடித்துக் கேட்டால், எந்த பவர் சப்ளைக்கு என்று அட்டையிலேயே போட்டிருக்கிறோமே என்கிறான். எறும்பு ஊர்கிற எழுத்தில் போட்டிருக்கிறான். பொருந்தக் கூடாத பிளக்கை எதற்குப் பொருந்துகிற மாதிரி செய்கிறார்கள்? வந்த கோபத்தில் மெக்கானிக்கிடமே கத்திவிட்டேன். பாவம், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தி, “பெட்டியோட வந்த கேபிளை மாட்டி எடுத்துட்டு வாங்க. நான் எதையும் பாக்கல” என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கேபிளைத் தேடி எடுத்தேன். மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். அப்போதுதான் உறைத்தது. இந்த மாதிரி வாரண்டி கேஸெல்லாம் கடைசியில் கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் உன் மேசைக்குத்தானே வரும்? நீ அனுப்பிய கேபிள் உனக்குத் தெரியாதா? என் பொய்க்கு நீ கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். வேலை இன்னும் நிரந்தரமாகாத பையன். கழற்றி எறிந்துவிட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவுக்கு இது ஏறவே இல்லை. தம்பி அந்தக் கம்பெனியிலேயே உட்கார்ந்திருக்கும்போது இவள் ஏன் தவிக்கிறாள் என்று பொழுதுக்கும் புலம்பல். உன்னிடம் அழுவாள். சரிம்மா, பாக்கறேம்மா என்று கேட்டுக்கொள், எதையும் ஒப்புக்கொண்டுவிடாதே.

நீ உன்னையே நொந்துகொள்வாய், தெரியும். அந்த வேலையில் சேர்வதற்கு முன்னால் வாங்கியது. உனக்கு அப்போது என்ன தெரியும்? மாட்டியது என் கை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. மாடி வீட்டுக்காரரின் பழைய லேப்டாப்பைக் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மறுப்புக் கடிதத்தை எல்லோருக்கும் எழுதுவதுபோலவே எழுது. ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு’ என்றே ஆரம்பி. அக்கா என்று மட்டும் அதில் எழுதிவிடாதே, தாங்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு, கண்ணா.

உன் அக்கா