ஷூவுக்குள் இருந்த பணம்

அப்பா,

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. உப்பு இல்லை, என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிடுங்கள்.

“வியாழக்கிழமை மெஷின் ரிப்பேர்மா” என்று மூன்று வாரமாகச் சொன்னீர்கள். நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறதாம். வாரம் மூன்று டயாலிசிஸை இரண்டாக்கி, மிச்சப்பட்ட பணத்தை என் மேற்படிப்புக்கென்று, உங்கள் வீங்கிய காலில் நுழையாத ஷூவுக்குள் ஒளித்திருக்கிறீர்கள்.

பணத்தை எடுத்துக்கொண்டேன். வேலைக்குப் போகும் வழியில், வரும் வியாழக்கிழமைகளுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் கட்டிவிடுவேன். கட்டினால் திருப்பித் தர மாட்டார்கள்; அதையும் கேட்டுவிட்டேன்.

இன்று வியாழன். மூன்று மணிக்கு வண்டி வரும், ஏறிவிடுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுங்கள்.

பி.கு.: நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் சீட்டு.

இன்னொன்று: படிப்பு அடுத்த வருடம். அதற்குள் வீக்கம் வடிந்துவிடும். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நீங்கள்தான் என்னைக் கல்லூரியில் சேர்க்க வர வேண்டும்.