ஷாலினியிடம் சொல்லாமல் வைத்திருப்பது

என் செல்வி அக்கா,

இரண்டு நாளாக எனக்கு வேலை ஓடவில்லை. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நான் இப்போது பெங்களூரில், தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். கோலார் பக்கத்துக் கிராமத்து மக்கள் தங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்தால் போதும். இங்கிருந்து வீடியோவில் பேசுவேன். மருந்து வேண்டுமென்றால் டாக்டரும் பேசுவார்.

ஷாலினி பிறந்த பிறகு, கைக்குழந்தையோடு மூன்று பஸ் மாறி நீ பெங்களூருக்கு வைத்தியத்துக்கு வந்துபோனாய். நாலாவது மாதம், "இனிமே என்னால அலைய முடியாதுடி" என்றாய். நாங்களும் சரி என்றுவிட்டோம். மாத்திரை நின்றது. இரண்டே மாதத்தில் உன் உயிரை நீயே முடித்துக்கொண்டாய். கேட்டவர்களிடமும், வளர்ந்த பிறகு ஷாலினியிடமும், விஷக்காய்ச்சல் என்றே சொன்னோம்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள். பிள்ளை பெற்று நாற்பது நாள். மாமியார் பக்கத்திலேயே இருந்ததால் வாய் திறக்கவில்லை. நர்ஸ் மாமியாரை வெளியே அழைத்துப் போனதும் மெல்லச் சொன்னாள்: "குழந்தையப் பார்த்தா பயமா இருக்கு மேடம். நான் ஏதாவது பண்ணிடுவேனோன்னு..."

திரை அணைந்துவிட்டது.

நர்ஸின் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். என்னால் உட்கார முடியவில்லை. நூறு கிலோமீட்டர் தள்ளி, ஓர் அறையில் அவளும் குழந்தையும் தனியாக. இங்கிருந்து நான் என்ன செய்வேன்?

ஏழெட்டு நிமிஷம் கழித்து நர்ஸே கூப்பிட்டார். "கரெண்ட் போச்சு மேடம். அவ பக்கத்துலதான் இருக்கேன். குழந்தை என் மடியில இருக்கு."

போனிலேயே பேசினோம். டாக்டர் அன்றே அவளை மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். நர்ஸ் கூடவே போனார். இப்போது தூங்குகிறாளாம், சாப்பிடுகிறாளாம்.

பிறகு ஏன் எனக்கு நிலைகொள்ளவில்லை? அன்று போனில் அந்தப் பெண்ணிடம் வழக்கமான கேள்வி ஒன்றைக் கேட்டேன். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

"எங்கம்மாவுக்கு இருந்துச்சாம். நேத்துதான் மாமா சொன்னாரு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவ்ளோ பயந்திருக்க மாட்டேன் மேடம்."

அக்கா, உன் ஷாலினிக்கு இப்போது ஏழாம் மாதம். இங்கே பெங்களூரிலேயே, ஈஜிபுராவில் இருக்கிறாள். போன வாரம் செக்கப்பில் அவளுடைய டாக்டரம்மாவும் இதையேதான் கேட்டார். "அப்படி யாரும் இல்ல டாக்டர்" என்றாள், சிரித்துக்கொண்டே. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பின் தெரியாதவர்களை மனம்விட்டுப் பேசச் சொல்வதுதான் எனக்குத் தினமும் வேலை.

இத்தனை வருஷம் ஏமாற்றினீர்களே என்பாளா? உன்மேல் கோபப்படுவாளா? தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். நீ அவளை வேண்டாமென்று விட்டுப் போகவில்லை, உனக்கு நோய் இருந்தது, வைத்தியம் தூரத்தில் இருந்தது, அலைய முடியாது என்று நீ சொன்னபோது நாங்கள் யாரும் உன்னோடு பஸ் ஏறவில்லை என்று சொல்லப் போகிறேன். அவள் அழட்டும், என்னைத் திட்டட்டும். அவள் கேட்க நினைப்பதையெல்லாம் கேட்டு முடிக்கும்வரை எழுந்து வரமாட்டேன், அக்கா.

உன் தங்கை,
கலா