வடை சுற்றிய பயிற்சித் தாள்

7 ஜூன் 1943

என்ன நோட்டே, சுகமா? நாலு நாளாக உன்னைத் தொடவில்லை, கோபமில்லையே? எண்ணெய் தேடி அலைந்தேன். இப்போது செம்பனை எண்ணெயில்தான் வடை. அந்தக் கதை பெரிது, விடு.

செல்வநாயகி டீச்சரைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஜப்பான்காரன் ஆட்சி வந்ததும் இங்கிலீஷுக்குத் தடை; அவர் பள்ளிக்கூடத்திலும் அது நின்றுபோனது. இப்போது என் கடையின் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, என் பெண்டாட்டி ருக்கையாவுக்கும் எனக்கும் சொல்லித்தருகிறார். கூலி ஆறு மரவள்ளி வடை. வெளியே தெரிந்தால் முதலில் அவரைத்தான் பிடிப்பார்கள்.

இன்று வினைச்சொல். 'பூனை குடிக்கிறது' என்றால், எதை என்று கேட்க வேண்டுமாம். பாலை. அதுதான் ஆப்ஜெக்ட். 'குழந்தை தூங்குகிறது' என்பதில் எதை என்று கேட்டால் பதிலே இல்லை. அந்த வினைக்கு ஆப்ஜெக்ட் வேண்டாம். பால் என்றதுமே என் மனசு எங்கேயோ போய்விட்டது. பாலைப் பார்த்து எத்தனை மாசம்!

தாளில் பத்து இங்கிலீஷ் வாக்கியம் எழுதித் தந்தார், ஆப்ஜெக்டுக்கு அடியில் கோடு போடச் சொல்லி.

9 ஜூன்

தாளைக் காணோம்.

10 ஜூன்

வடை சுற்றத் தாள் கிடைக்காத காலம். பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றையும் கிழிக்கிறேன். அந்தக் கட்டோடு அதையும் நானே வைத்து, நானே சுற்றிக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு? ருக்கையா யோசித்துச் சொன்னாள்: ராமதாஸுக்கு. போலீஸ் ஸ்டேஷன் கிளார்க். யா அல்லா. டீச்சர் கையெழுத்து இந்தத் தெருவில் யாருக்குத் தெரியாது?

டீச்சரிடம் சொன்னேன். திட்டவில்லை. வடையை எடுக்காமல் போய்விட்டார்.

12 ஜூன்

ராமதாஸ் வந்தார். ரெண்டு வடை தின்றார், என்னைப் பார்த்தார், போனார். ஏன் பார்த்தார்? உப்பு இல்லையோ?

15 ஜூன்

தாள் வந்துவிட்டது, எண்ணெய்க் கறையோடு. பத்து வாக்கியத்திலும் பென்சில் கோடு.

"ஏழாவதுதான் சந்தேகம்லா, அண்ணே," என்றார் அதைக் கொண்டுவந்த ராமதாஸ், மெதுவாக. "எனக்கும் ஒரு இடம் இருக்குமா?"

சாயங்காலம் தாளை டீச்சரிடம் காட்டிக் கேட்டேன். "வரச் சொல்லுங்க. நம்மளோட உள்ளுக்கு இருந்தா வெளியில சொல்ல மாட்டார். ஏழும் பிழை, மூணும் பிழை."

21 ஜூன்

இப்போது மூன்று பேர். ராமதாஸ் கதவோரம். ஜப்பான்காரன் பூட்ஸ் சத்தம் கேட்டால் அவர் கடைக்குள் வந்து உரக்க வடை கேட்க வேண்டும் என்பது டீச்சர் சொன்ன ஏற்பாடு. உள்ளே பாடம் நடக்கிறது; நான் அடுப்படியில் இதை எழுதுகிறேன். அந்த ஆளை நம்பலாமா என்று எனக்கு இன்னும் –

"அண்ணே! ரெண்டு வடை!"

ராமதாஸ்தான். கடைக்குள் வந்து நிற்கிறார்; தெருவில் பூட்ஸ் சத்தம். இரு, நான் போய்